எம்.ஜி.ஆரைச் சாமின்னு நம்பித்தான் ஓட்டுப் போட்டாங்களா?

ஆண்டிபட்டிப் பேரன்:
கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர், காலேஜ் வாத்தியாராம், "ஆஸ்பத்திரியில படுத்திருந்தவரைச் சாமின்னு நம்பி ஜெயிக்க வச்ச ஊராச்சே உங்க ஊரு"ன்னார். இன்னும் மனசு ஆறல. 84 தேர்தல்ல எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எங்க ஆண்டிபட்டியில ஜெயிச்சதும், அங்க எடுத்த வீடியோவை வண்டியில கொண்டுவந்து ஊர் ஊராப் போட்டுக் காட்டினதும் உங்களுக்குத் தெரியும். அந்த வண்டி எங்க தெருவுக்கு வந்தப்ப நான் அப்பத்தா சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திரையில அவர் சாப்பிடுறார். சுத்தி ஒரே அழுகை. அப்பத்தா அழல. அவர் கையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "சோத்தைத் தானா எடுத்து வாய்க்குக் கொண்டுபோறாரு. பொழைச்சுக்குவாரு"ன்னுச்சு. வாதத்துல விழுந்த தாத்தாவுக்கு ஊட்டி ஊட்டிப் பழகின கண்ணு அது. சாமியை யாரும் அப்படிப் பார்க்க மாட்டாங்க.

வைகைக்கரை:
உங்க அப்பத்தாவை நம்புறேன். அதுக்காக யாருமே கும்பிடலைன்னு ஆக்கிடாதீங்க. எங்க ஊர்ல அவருக்காகத் தீ மிதிச்சாங்க, மண்சோறு தின்னாங்க. எனக்கு மறக்காதது 87 டிசம்பர். சாவுச் செய்தி வந்ததும் எங்கப்பா ஆத்துக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தார், மீசையும் சேர்த்து. நேர்த்திக்கடன் மொட்டை இல்லை, பெத்தவருக்குக் கொள்ளி வச்ச மகன் போடுற மொட்டை. அப்பாவைப் பெத்த எங்க தாத்தா அப்ப உயிரோட திண்ணையில உட்கார்ந்திருந்தார். ஈரத்தலையோட வந்த மகனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல.

சத்துணவுக்கூடத்து மகன்:
அந்த வாத்தியார்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டிருக்கணும். சாமின்னா 1980 ஜனவரியில ஏன் தோற்கடிச்சோம்? 79ல பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு வருசம் 9,000 ரூபாய்னு வருமான வரம்பு வச்சார். நாடாளுமன்றத் தேர்தல்ல 39 தொகுதியில கட்சிக்கு வந்தது ரெண்டே ரெண்டு. உடனே வரம்பை எடுத்தார், ஒதுக்கீட்டை 31லிருந்து 50 சதவீதம் ஆக்கினார். பிப்ரவரியில டெல்லியில இருந்து அவர் ஆட்சியைக் கலைச்சாங்க. மே மாசம் சட்டமன்றத் தேர்தல்ல அதே ஜனம் 129 இடம் கொடுத்தது. ரெண்டு தடவையும் எதிர்ல நின்னது அதே காங்கிரஸ், தி.மு.க. கூட்டணிதான். 86 உள்ளாட்சித் தேர்தல்ல மறுபடி அடி கொடுத்தாங்க. அடிச்சுத் திருத்தி வேலை வாங்கியிருக்காங்க!

எங்கம்மாவுக்கு, அப்பா போனப்புறம், 82ல சத்துணவுல ஆயா வேலை கிடைச்சது. முதல் சம்பளத்தோட நேரா கடன் கொடுத்தவங்க வீட்டுக்குத்தான் போச்சு. அம்மா ஓட்டு அதுக்கு.

பேரன் தம்பி, இனிமே இப்படி யாராவது பேசினா பந்தியில வாதாடாதீங்க, சாப்பாடு வீணாகும். தேர்தல் ஆணையத் தளத்துல பழைய முடிவெல்லாம் தொகுதிவாரியா இருக்கு. ஜனவரி, மே ரெண்டையும் இறக்கி உங்க பக்கத்துத் தொகுதிகளை வரிசையா எழுதி வச்சுக்குங்க. ஆளுங்க பெயரைச் சொல்லாதீங்க, ஓட்டு எண்ணிக்கையைக் காட்டுங்க. வயசானவங்க வீட்ல இருந்தா எந்த வருசம் எதுக்கு யாருக்குப் போட்டாங்கன்னு இப்பவே கேட்டு வைங்க.

வைகைக்கரை:
அண்ணே, கணக்கு சரி. ஆனா கும்பிட்டவங்களை ஒளிச்சு வச்சுட்டுத்தான் அந்த ஜனத்துக்கு மரியாதை வாங்கணுமா? எங்கப்பா 80 ஜனவரியிலயும் இரட்டை இலைதான். 81ல எம்.ஜி.ஆர். அரசு கள்ளு, சாராயக் கடையைத் திறந்தப்ப ரசிகர் மன்றத்துப் பலகையைத் தானே கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சார். கேட்டவங்ககிட்ட, "தாய்மாருக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் மாட்டுறேன்"னார். மொட்டை போட்டதும் அதே ஆள்தான்.