உதவி தேவை: மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கும் விமானத்துக்கு ஒரு சொல்

தும்பி:
அனைவருக்கும் வணக்கம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விமானம் தரையிறங்கும் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஓடுபாதைக்குக் குறுக்கே பலத்த காற்று அடித்தால், விமானி மூக்கைக் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வார். விமானம் பார்ப்பது ஒரு திசை, போவது ஒரு திசை. தடம் மட்டும் நடுக்கோட்டை விட்டு விலகாது. ஆங்கிலத்தில் இதற்குக் கிராப், அதாவது நண்டு, என்கிறார்கள். தரை தொடும் நேரத்தில் மூக்கை நேராக்குவது டி-கிராப். குறுக்கே அடிக்கும் அந்தக் காற்றுக்கு, அதாவது கிராஸ்விண்டுக்கு, ‘பக்கக்காற்று’ என்று போட்டுவிட்டேன். கிராப்புக்கு ‘நண்டுநடை’ என்று எழுதி, மனம் ஒப்பாமல் அழித்தேன். படத்தின் ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுத வேண்டிய சொல். நீளமாக இருந்தால் இடம் கொள்ளாது.

எழுத்தாணி:
‘பக்கக்காற்று’ வேண்டாம் அம்மா. எந்தக் காற்றும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்துதானே வரும்? எதிர்க்காற்று, பின்காற்று, குறுக்குக்காற்று என்று வைத்தால் மூன்றும் ஒரு வரிசையில் நிற்கும். ‘குறுக்கு’ வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிக வேண்டும். ‘குறுக்கு காற்று’ என்று அச்சாகி வந்தால் நூலை வாங்க மாட்டேன்.

அப்படியே ‘விமானம்’ என்பதையும் ‘வானூர்தி’ ஆக்கிவிடுங்கள். ‘வலவன் ஏவா வானவூர்தி’ என்று புறநானூற்றிலேயே இருக்கிறது. விமானி வலவன், அதாவது ஓட்டுபவன், ஆகட்டும். நண்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சொற்பொறுக்கி:
> எந்தக் காற்றும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்துதானே வரும்?

ஐயா சொல்வது சரி. ஆனால் ‘காற்று’ என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். பழைய நூல்களில் ‘கால்’ என்றாலும் காற்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு ‘குறுக்குக்கால்’ என்று வைத்தால், விமானி சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். வடமொழிப் பக்கம் போனால் கதை இன்னும் வேடிக்கை. பக்ஷம் என்றால் பக்கம், இறக்கை என்று இரண்டு பொருளும் உண்டு. வாதம் என்றால் காற்று. இரண்டையும் சேர்த்தால் பக்கவாதம்! கிராஸ்விண்டுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறு கிடையாது, மருத்துவர்கள் முந்திக்கொண்டார்கள்.

‘பக்கம்’ பக்ஷத்திலிருந்து வந்ததா, தமிழ் ‘பகு’விலிருந்து வந்ததா என்பது தனி வழக்கு. நான் பகு கட்சி. பகு, பகல், பகுதி, பகிர்...

தும்பி:
வெள்ளிக்கிழமை, ஐயா! குறுக்குக்காற்று எடுத்துக்கொண்டேன், நன்றி. விமானம் விமானமாகவே இருக்கட்டும், பதிப்பாசிரியர் பிடிவாதக்காரர். கிராப்புக்கு வாருங்கள்.

ஊர்க்குருவி:
பயிற்சி விமானிகளுக்குத் தரைவகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சில சொல்கிறேன். சொல் தேடுமுன் பொருள் எது என்று தெளிவாக்கிக்கொள்வோம்.

அணுகும் வேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்), நேர்குறுக்காக அடிக்கும் காற்று 30 நாட் என்று வையுங்கள். மூக்கை ஏறத்தாழ 12 பாகை திருப்பி வைத்தால்தான் நடுக்கோட்டில் நிற்க முடியும். சன்னலோரம் இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஓடுபாதை முனையில் நின்று பார்ப்பவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். காற்று முழுக்கக் குறுக்காக அடிக்க வேண்டும் என்பதும் இல்லை. 27 என்று எண்ணிட்ட ஓடுபாதை ஏறத்தாழ மேற்கு நோக்கி, 270 பாகையில் இருக்கும். காற்று 300 பாகையிலிருந்து 20 நாட் வேகத்தில் வந்தால், குறுக்கே தள்ளுவது அதில் பாதி, 10 நாட். இதை நாங்கள் காம்போனென்ட் என்போம். நூலில் அது வந்தால் ‘குறுக்குக்கூறு’ என்று போடலாம்.

முக்கியமான ஒன்று. கிராப்பில் இறக்கைகள் மட்டமாகவே இருக்கும், திரும்புவது மூக்கு மட்டும். ஆகவே ‘சாய்வு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் கூடாது. சாய்வு என்றால் இறக்கை ஒன்று தாழ்வது. அது வேறு உத்தி. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து, காற்று வரும் பக்கச் சக்கரத்தை முதலில் ஊன்றுவது. ஆங்கிலத்தில் சைட்ஸ்லிப். இரண்டுக்கும் ஒரே சொல் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை நூலில் சேர்க்காமலே இருக்கலாம்.

கடலோடி:
காற்றுக்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. வாடை, கொண்டல், கோடை, தென்றல், கடற்கரைக்குப் போனால் கச்சான், சோழகம். ஆனால் எல்லாமே திசையை வைத்து. ஓடுபாதையை வைத்துப் பெயர் வேண்டும் என்றால் இவை ஒன்றும் உதவாது. வாடை ஓர் ஓடுபாதைக்கு எதிர்க்காற்று, இன்னொன்றுக்குக் குறுக்குக்காற்று.

நண்டு பற்றி என் கருத்து: ‘நண்டு கொழுத்தால் வளையில் இராது’ என்பது பழமொழி. தமிழில் நண்டு என்றால் கொழுப்பும் வளையும்தான் நினைவுக்கு வரும், பக்கவாட்டு நடை அன்று. அது ஆங்கிலத்தான் பார்வை. அவன் கண்ணாடியை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

சொற்பொறுக்கி:
பழமொழியை விடுங்கள், இலக்கியத்துக்கு வாருங்கள். நண்டுக்கு ‘அலவன்’ என்று அழகான பெயர். நெய்தல் பாட்டுகளில் தலைவி மணலில் அலவனை ஓட்டி விளையாடுவாள். ‘அலவன்நடை’ என்று வைப்போம். எழுத்தாணி ஐயாவின் வலவனோடு எதுகையும் அமைகிறது: வலவன் ஏவும் அலவன்நடை!

இன்னொன்று. ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ என்று இருக்கிறது. அங்கே கள்வன் என்றால் திருடன் இல்லை, நண்டு. ‘கள்வன்கோணம்’ சுருக்கமாகவும் இருக்கிறது.

ஊர்க்குருவி:
கட்டுப்பாட்டு அறையில் யாராவது ‘கள்வன் இறங்குகிறான்’ என்று சொன்னால் முதலில் காவல்துறைதான் ஓடிவரும்.

எழுத்தாணி:
எதுகைக்காகக் கலைச்சொல் ஆக்குவதில்லை. கடலோடி சொல்வதை வழிமொழிகிறேன். உவமையை மொழிபெயர்ப்பது சோம்பேறி வேலை. செயலைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்புவதால் ‘காற்றெதிர்த் திருப்பம்’.

சாக்பீஸ்:
ஐயா, ஏழாம் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கப் போவது என்னைப் போன்றவர்கள். ‘காற்றெதிர்த் திருப்பம்’ என்றால் விமானம் திரும்பிப் போய்விட்டது என்றே எழுதுவார்கள். பேச்சில் இருக்கும் சொல் ஒன்று சொல்கிறேன்: ‘ஒருக்களித்து’. கதவு முழுக்கச் சாத்தாமல் கோணமாக நின்றால் ‘ஒருக்களித்திருக்கிறது’ என்கிறோமே. விமானமும் அப்படித்தான் வருகிறது. ‘ஒருக்களிப்பு’ என்று பெயர்ச்சொல் ஆக்கிக்கொள்ளலாம். கடனும் இல்லை, உவமையும் இல்லை.

தும்பி:
அட! இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடலோடி:
எனக்கும்தான். ‘ஒருக்களித்து இறங்கியது’ என்றால் வாக்கியத்திலும் உட்காருகிறது.

ஊர்க்குருவி:
ஒரு நிமிடம். ‘ஒருக்களித்துப் படுத்தான்’ என்றும் சொல்கிறோம். அங்கே உடல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கதவு சுழல்வது குத்தான அச்சில், படுப்பவன் புரள்வது நீளவாட்டு அச்சில். ஆங்கிலத்தில் முன்னது யா (மூக்கு இடவலமாகத் திரும்புவது), பின்னது ரோல் (இறக்கை சாய்வது). நான் எந்தக் குழப்பம் கூடாது என்றேனோ, அதே குழப்பம் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இது முடியைப் பிளக்கிற வாதம் இல்லை. 2008 மார்ச் 1, ஹாம்பர்க். லுப்தான்சா நிறுவனத்தின் ஏ320 விமானம் புயல்காற்றில் இறங்குகிறது. காற்று வலப்பக்கத்திலிருந்து. தரையருகே மூக்கை நேராக்கும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். மூக்கு இடப்பக்கம் சுழல்கிறது, வல இறக்கை முன்னோக்கி வீசப்படுகிறது, அதன் தூக்குவிசை கூடுகிறது, அது மேலே எழப் பார்க்கிறது. அதை உடனே அமுக்க வேண்டும். அன்று இட இறக்கையின் முனை ஓடுபாதையில் உரசிவிட்டது. விமானிகள் உடனே மேலே ஏறி, வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். திருப்பமும் சாய்வும் ஒன்றை ஒன்று இழுப்பதுதான் இந்த வித்தையின் சிக்கலே. அதனால்தான் சொல்லில் இரண்டையும் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

சாக்பீஸ்:
அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று இன்று வகுப்பில் ‘ஒருக்களித்து இறங்கும் விமானம்’ வரையச் சொன்னேன். பாதிப் பேர் மூக்கைத் திருப்பி வரைந்தார்கள். மீதிப் பேர் ஓர் இறக்கையைத் தரையோடு தேய்த்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் விமானத்துக்குக் கண் போட்டு, மூடித் தூங்குவதாக வரைந்திருந்தாள். ‘நண்டு மாதிரி இறங்கும்’ என்றதும் எல்லாரும் சரியாக வரைந்தார்கள். இரண்டு பேர் கொடுக்கும் சேர்த்தார்கள்.

கடலோடி:
பார்க்கப் போனால், நண்டுக்குப் பக்கவாட்டு நடை என்பதைப் பிள்ளைகள் ஆங்கிலத்திலிருந்து கற்கவில்லை போலும். கண்ணால் பார்த்ததுதான். என் மறுப்பைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

இதற்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ, பி-52 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரங்களையே இருபுறமும் 20 பாகை வரை திருப்பி வைக்க முடியும். மூக்கைக் கோணமாக வைத்துக்கொண்டே நேராக ஓடும். அதற்கு டி-கிராப்பே தேவையில்லை. நிஜ நண்டு அதுதான்.

சொற்பொறுக்கி:
அப்படியே இறங்கக் கடினமான விமான நிலையங்களையும் யாராவது சொல்லுங்களேன், மடெய்ரா, கை தாக் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஊர்க்குருவி:
கேட்காமலே சொல்லக்கூடியவன், கேட்டால் விடுவேனா? ஹாங்காங்கின் கை தாக்கில் கருவி காட்டும் வழி ஓடுபாதைக்கு நேராகப் போகாது, கட்டம் போட்டு வண்ணம் பூசிய ஒரு குன்றை நோக்கிப் போகும். குன்றைக் கண்ணால் பார்த்ததும், மிகத் தாழ்வான உயரத்தில் வலப்பக்கம் 47 பாகை திரும்பி இறங்க வேண்டும். திருப்பம் முடிந்து இறக்கை மட்டமாவதற்குள் ஓடுபாதை வந்துவிடும். குறுக்குக்காற்றும் இருந்தால் கிராப்பைச் சரிபார்க்கவே நேரம் இருக்காது. 1998இல் மூடிவிட்டார்கள். போர்ச்சுகலின் தீவான மடெய்ராவில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஓடுபாதையின் ஒரு பகுதி தூண்கள் மேல் நிற்கிறது, 2000இல் நீட்டியது. காற்று மலையில் மோதிச் சுருண்டு வருவதால் அங்கே ஒரே சீரான கோணம் என்பதே கிடையாது, பிடித்த கோணத்தை நொடிக்கு நொடி மாற்ற வேண்டும். தெற்கு அட்லாண்டிக் தீவான செயின்ட் எலனாவில் ஓடுபாதை கட்டி முடித்த பிறகும், இறங்கும் இடத்தில் காற்று சட்டென்று மாறுவதால் பயணிகள் சேவை 2017 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

எழுத்தாணி:
இதெல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது. சொல் எங்கே?

தும்பி:
நாளை வெள்ளி. ஆகவே நானே கூட்டிப் பார்த்துவிட்டேன். ‘நண்டுக்கோணம்’ பக்கம் சாக்பீஸ் அம்மாவும் ஊர்க்குருவி ஐயாவும். கடலோடி ஐயா அரைமனது. படத்தில் காட்டுவது நடை இல்லை, கோணம்தான் என்பதால் நடையை விட்டேன். டி-கிராப்புக்கு ‘மூக்கை நேராக்கல்’. ‘நண்டு நீக்கல்’ என்று யாரோ தனிமடலில் அனுப்பியிருந்தார்கள், அவருக்கு என் வணக்கம். சைட்ஸ்லிப்புக்கு ‘இறக்கை தாழ்த்தி இறங்கல்’. இறங்காமல் மீண்டும் மேலே ஏறிப் போகும் கோ-அரவுண்டுக்கு ‘மறுசுற்று’.

சொற்பொறுக்கி:
ஒரே ஓர் ஐயம். இரும்பு, பாதையோடு சேர்ந்தால் இருப்புப்பாதை. மருந்து, பையோடு சேர்ந்தால் மருத்துப்பை. அந்தக் கணக்கில் நண்டு, கோணத்தோடு சேர்ந்தால் ‘நட்டுக்கோணம்’ ஆக வேண்டாமா?

எழுத்தாணி:
மென்தொடரில் ‘சில’ அப்படி ஆகும் என்றுதான் நன்னூல் சொல்கிறது. நண்டு அந்தச் சிலவற்றில் இல்லை. நண்டுக்கால் என்கிறோம், நட்டுக்கால் என்றா சொல்கிறோம்? நன்னூலைப் பாதி படித்துவிட்டு வரக் கூடாது. அதற்காக நண்டுக்கோணத்தை ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். காற்றெதிர்த் திருப்பமே சரியான சொல். பெரும்பான்மையிடம் தோற்றேன், அவ்வளவுதான்.

ஊர்க்குருவி:
எனக்கும் ஒரு குறை உண்டு. கோ-அரவுண்டில் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறுவதுதான் முக்கியம், சுற்றி வருவது அப்புறம். ‘மறுசுற்று’ என்றால் அந்த ஏற்றம் வரவில்லையே? ‘மீளேற்றம்’ என்று மாற்ற முடியுமா?

தும்பி:
கோப்பு போய்விட்டது ஐயா. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

சொற்பொறுக்கி:
மீள் + ஏற்றமா, மீளும் ஏற்றமா? வினைத்தொகை என்றால்...