பயற்றங்காய் பூக்கவில்லை என்றேனே: புதுப்பிப்பு

கிணற்றடிப் பாத்தியில் நட்ட பயற்றங்காய் 45 நாளாகியும் இலையாகவே தழைக்கிறது, பூவைக் காணோம் என்று போன மாதம் எழுதியிருந்தேன். யூரியா போட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். போட்டிருந்தேன், அதுவும் இரண்டு தரம்.

நிறுத்திவிட்டேன். நெருக்கமாக நின்ற ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். ஒன்றிரண்டு முடிச்சுகள்தான், கீறிப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடந்தன. வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதிலுள்ள பற்றீரியாதான் காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்த நைதரசனை யூரியாவாக நாமே அள்ளிக் கொட்டினால் செடி ஏன் அதைத் தேடப் போகிறது?

யூரியாவை நிறுத்திய 18ஆம் நாள் முதலாவது பூ வந்தது. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும் அந்த ஊதா நிறத்தைப் பார்க்கவே கிணற்றடிக்குப் போகிறேன். நேற்று அரைக் கிலோ ஆய்ந்தேன், பாற்கறியும் வைத்தாயிற்று.

இப்போது குருத்தெங்கும் கறுப்பு அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி), கூடவே எறும்பு. மாமி சாம்பல் தூவச் சொன்னார். நான் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன். பாதி குறைந்திருக்கிறது. சாம்பலையும் பார்க்கத்தான் வேண்டும்.

விதைக்கென்று இரண்டு காய்களைக் கொடியிலேயே முற்ற விட்டிருக்கிறேன். அவற்றைத் தொடவேண்டாம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.