டேபிள் டாப் கிரைண்டர்: உறுமுது, டிரம் சுத்த மாட்டேங்குது

இட்லிப்பானை:
2 லிட்டர் டேபிள் டாப், 150 வாட், பெல்ட் மாடல். ஒரு வாரமா சுவிட்ச் போட்டா "ம்ம்ம்"னு உறுமுது, டிரம் நகரலை. கையால தள்ளி விட்டா சில நேரம் ஓடுது, அரிசி போட்டதும் நின்னுடுது. வேற பிளக் பாயிண்ட்லயும் அப்படியேதான். கடையில மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்க. மல்ட்டி மீட்டர் கையில இருக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?

செம்புக்கம்பி:
மோட்டார் மாத்த அவசரப்படாதீங்க. உறுமலும் இருந்து, தள்ளினா ஓடவும் செஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை (கெபாசிட்டர்னும் சொல்வாங்க, மோட்டாரைக் கிளப்பி விடறது). வீட்டுக் கரண்ட்ல ஓடற இந்த சிங்கிள் பேஸ் மோட்டார்ல ரன்னிங், ஸ்டார்ட்டிங்னு ரெண்டு காயில். ரன்னிங் காயில் மட்டும் வேலை செஞ்சா காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர சுழலாது. அந்தத் துடிப்புதான் உங்களுக்குக் கேக்கற உறுமல். கண்டன்சர் வழியா ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போற கரண்ட் கொஞ்சம் முந்திப் போறதாலதான் மோட்டார் தானாக் கிளம்புது.

ஆனா ஷாஃப்ட் இறுகியிருந்தாலும் இதே உறுமல் வரும். அதனால பிரிச்சுப் பார்த்துடுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, கல்லையும் டிரம்மையும் எடுத்து வச்சுட்டு, அடிமூடியைக் கழட்டுங்க. பெல்ட்டைப் புல்லியிலேருந்து உருவுங்க. டிரம் உட்கார்ற ஷாஃப்ட்டையும் மோட்டார் புல்லியையும் தனித்தனியா விரலால சுத்திப் பாருங்க. ஷாஃப்ட் கரகரன்னா மாவுத்தண்ணி இறங்கி பேரிங் துருப்பிடிச்சிருக்கு. அது வேற வேலை.

ரெண்டும் லேசா சுத்தினா, கிரைண்டரைச் சாய்ச்சு நிறுத்தி, ஒயர் எதுலயும் உரசாமப் பார்த்துக்கிட்டு, பெல்ட் இல்லாமலே 2, 3 வினாடி மட்டும் சுவிட்ச் போடுங்க. உறுமினா காய்ஞ்ச நீளமான மரக்குச்சியால புல்லியை ஒரு தட்டு தட்டுங்க. எந்தப் பக்கம் தட்டினாலும் அந்தப் பக்கமே ஓட ஆரம்பிச்சா ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கரண்ட் போகலைன்னு அர்த்தம். உறுமவிட்டு வேடிக்கை பார்க்காதீங்க, சுத்தாத மோட்டார்ல வைண்டிங் சீக்கிரம் கருகிடும்.

பழைய_டெஸ்டர்:
அண்ணன் சொன்னது சரி. அளக்கற முறையை நான் சொல்றேன்.

பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சர்ல கரண்ட் தங்கியிருக்கலாம். ஒரு குண்டு பல்பு ஹோல்டரோட ரெண்டு ஒயரையும் கண்டன்சர் முனைகள்ல ஒரு நொடி வச்சு எடுங்க, இறங்கிடும். ஒயர் போற இடத்தை போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க. மேல 6 எம்.எஃப்.டி (மைக்ரோ ஃபாரட், கண்டன்சரோட அளவு), 5 சதவீதம்னு போட்டிருந்தா மீட்டர்ல 5.7லேருந்து 6.3க்குள்ள காட்டணும். 3, 4ன்னு காட்டினா தூக்கிப் போடுங்க. உப்பியிருந்தாலோ அடியில எண்ணெய் கசிஞ்சிருந்தாலோ அளக்கவே வேண்டாம்.

கண்டன்சர் நல்லா இருந்தா மோட்டார்லேருந்து வர்ற மூணு ஒயரையும் ஓம்ல அளங்க. மூணு ஜோடி, மூணு அளவு. பெரிய அளவு மத்த ரெண்டையும் கூட்டினதுக்குச் சமமா வரணும். உதாரணத்துக்கு 30, 45, 75. ஏதாவது ஜோடியில மீட்டர் அளவே காட்டலைன்னா காயில் அறுந்திருக்கு, அப்போதான் ரீவைண்டிங் (காயிலைப் புதுசாச் சுத்தறது) பேச்சு.

வட்டக்கல்:
6 கிடைக்கலைன்னா 10 போட்டா இழுவை கூடுமே? ஃபேன் கண்டன்சர் ஒண்ணும் சும்மா கிடக்கு.

பழைய_டெஸ்டர்:
வேண்டாங்க. இந்தக் கண்டன்சர் கிளம்பும்போது மட்டும் வேலை செய்யறதில்ல, மோட்டார் ஓடற வரைக்கும் லைன்லயே இருக்கு. அளவு கூடினா ஸ்டார்ட்டிங் காயில்ல கரண்ட் கூடும், சூடு கூடும், இழுவைக்கு ஆசைப்பட்டு மோட்டாரை இழக்க வேண்டியதுதான். சீலிங் ஃபேன் கண்டன்சர் பெரும்பாலும் 2.5தான், இதுக்குப் பத்தாது. மேல போட்டிருக்கற அதே எம்.எஃப்.டி வாங்குங்க, வோல்ட் 440 இருந்தா 440, கூட இருக்கலாம், குறையக் கூடாது. இதுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி.

இட்லிப்பானை:
6க்கு 2.1 காட்டுச்சு! புதுசு மாட்டினதும் டிரம் உடனே கிளம்பிடுச்சு, ரொம்ப நன்றி. ஆனா அரிசி போட்டதும் இன்னும் மெதுவாகுது, மோட்டார் சத்தம் மட்டும் மாறலை. அடிமூடிக்குள்ள கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கு.

செம்புக்கம்பி:
மோட்டார் வேகம் குறையாம டிரம் மட்டும் தளர்ந்தா பெல்ட் வழுக்குது. அந்தத் தூள் பெல்ட் ரப்பர்தான்.

பெல்ட்டை மடிச்சு உள்பக்கம் பாருங்க. வெடிப்போ கண்ணாடி மாதிரி மினுமினுப்போ இருந்தா புதுசு போடுங்க. முதுகுல இருக்கற நம்பரைச் சொல்லி வாங்கணும், கண்ணளவு வேண்டாம். நல்லா இருந்தா மோட்டார் நட்டைத் தளர்த்தி, நீள ஓட்டையில மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்க. நடுவுல விரலால அழுத்தினா 5லேருந்து 8 மில்லிமீட்டர் இறங்கினா போதும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினா பேரிங் போயிடும். புல்லியோட சின்ன அலன் ஸ்க்ரூவையும் ஒரு முறுக்கு முறுக்குங்க. அது தளர்ந்தா ஷாஃப்ட் சுத்தும், புல்லி நிக்கும். தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் பெல்ட்ல போடாதீங்க.

பெல்ட் ஈரமா இருந்ததா? அப்படின்னா நடு ஷாஃப்ட்ல தண்ணி இறங்காமத் தடுக்கற சீல் கசியுது, அதை மாத்தாம புது பெல்ட் போட்டுப் பிரயோஜனமில்ல.

அரிசியை ஒரேயடியாக் கொட்டாம, கொஞ்சம் தண்ணி விட்டு டிரம்மை ஓடவிட்டு, மூணு நாலு தடவையாப் போடுங்க. சாயங்காலம் மட்டும் திணறினா வோல்ட்டையும் பாருங்க. 230 இருக்க வேண்டிய இடத்துல 180 வந்தா மோட்டாரோட திருகுவிசை ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிடும், ஏன்னா அது வோல்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது.

பழைய_டெஸ்டர்:
மூடியைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, இதை விட்டுடாதீங்க. ஈரக்கையோட தொடற மிஷின் இது. பிளக்கை வெளியே வச்சுக்கிட்டு, தடியான எர்த் பின்னுக்கும் பெயின்ட் இல்லாத பாடி ஸ்க்ரூவுக்கும் நடுவுல அளங்க, 1 ஓமுக்குக் கீழ வரணும். அப்புறம் கிரைண்டர் சுவிட்சை ஆன்ல வச்சு, மீட்டரை 20 மெகா ஓம்ல போட்டு, மத்த ரெண்டு பின்னையும் ஒவ்வொண்ணா பாடியோட அளங்க. எதுவும் காட்டக் கூடாது. 1, 2 மெகா ஓம்னு ஏதாவது காட்டினா உள்ள ஈரம் கசிஞ்சிருக்கு. நல்லாக் காயவச்சு மறுபடி அளந்து பார்க்காம பிளக்கைச் சொருகாதீங்க.