கம்பு மாவு கசக்கிறது, கூழ் காய்ச்ச என்ன வழி?

தாம்பரம் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிவிட்டு வந்ததும் பிஸ்கட், பாக்கெட் ஜூஸ் என்று பழகிவிட்டாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை ஓடுகிறது, சாப்பாட்டில் கம்பும் சேர்க்கலாம் என்று பாக்கெட் மாவு வாங்கிக் கூழ் காய்ச்சினேன். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டாள். நான் குடித்துப் பார்த்தால் நாக்கில் கசப்பு நிற்கிறது, பழைய எண்ணெய் வாடை வேறு. பாக்கெட்டில் தேதி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கம்பே இப்படித்தானா?

வேலூர் தம்பி:
அக்கா, கேழ்வரகுக்கு மாறிடுங்க. எங்க வீட்ல அதுதான், கசப்புங்கிற பேச்சே இல்ல.

கரிசல்காட்டு மதினி:
தாயி, கம்பு கசக்காது. நாள்பட்ட மாவுதான் கசக்கும். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம், கம்மங்கஞ்சி குடிச்சு வளர்ந்த உடம்பு. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

அரிசியில எண்ணெய் இல்லேன்னே சொல்லிரலாம், நூறு கிராமுக்கு ஒரு கிராம் கூடத் தேறாது. கம்புல அஞ்சு கிராமுக்கு மேல இருக்கு. முழுத் தானியமா இருக்கிறவரை அந்த எண்ணெய் உள்ளுக்குள்ள பத்திரமா இருக்கும். அரைச்சதும் கம்புலயே இருக்கிற நொதி அதைச் சிதைக்க ஆரம்பிச்சிரும், காத்துப் பட்டுக் காறலும் சேர்ந்துக்கும். நீங்க சொல்ற எண்ணெய் வாடை அதுதான். அதனால கம்பை முழுசா வாங்கி, தேவைக்கு மட்டும் உடைங்க. கூட உடைச்சுட்டா ஃப்ரிட்ஜில வச்சு அந்த வாரமே தீர்த்துருங்க.

உரல் வேண்டாம், மிக்ஸி போதும். ஒரு டம்ளர் கம்பைக் கல் அரிச்சுக் கழுவி, தண்ணிய ஒட்ட வடிச்சு, ஒரு கால் மணி நேரம் அப்படியே வைங்க. அந்த ஈரம் ஊறினாத்தான் உமி கழலும். மிக்ஸில ஓடவிடாம விட்டு விட்டு ரெண்டு மூணு தட்டு தட்டுங்க. துணியில காய வச்சு சொளகுல புடைச்சா உமி முன்னால பறந்துரும். சொளகு இல்லேன்னா அகலத் தட்டுல போட்டு ஃபேனுக்கு முன்னால ஊதிவிடுங்க. துளி உமி தங்கினாலும் பாதகமில்ல, நார்ச்சத்துதான். ஆனா நிறையத் தங்கினா தொண்டையில அறுக்கும், புள்ள மறுபடி துப்பும். பிறகு ரவைப் பதத்துக்கு உடைச்சுச் சலிங்க. மேல நிக்கிறது நொய், கீழ விழுறது மாவு.

மாவைத் தோசைமாவு மாதிரி கரைச்சு ராத்திரி மூடி வைங்க. மெட்ராஸ் வெக்கைக்கு ஆறேழு மணி நேரத்துலயே புளிச்சிரும். காலையில நாலு டம்ளர் தண்ணி கொதிக்க வச்சு முதல்ல நொய்யைப் போடுங்க, அது பாதி வெந்ததும் கரைச்ச மாவை ஊத்தி, தீயைக் குறைச்சு, அடிபிடிக்காம கிண்டுங்க. கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாருங்க, ஒட்டாம வந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம். ஆறினதும் உருண்டை பிடிச்சு, உருண்டை முங்கத் தண்ணி ஊத்தி வச்சிருங்க.

மறுநாள் ஒரு உருண்டையை எடுத்து, மோரு, உப்பு, பொடிசா நறுக்கின சின்ன வெங்காயம் சேர்த்து விரலால கரைங்க. மிக்ஸியில அடிக்காதீங்க தாயி, நொய் பல்லுல தட்டுப்படணும், அதுதான் ருசி. கடிச்சுக்க மோர்மிளகா, வறுத்த சீனியவரைக்கா வத்தல், மாங்கா கிடைக்கிற காலத்துல உப்பு தொட்ட மாங்காக் கீத்து. உருண்டை ஊறின நீத்தண்ணியைக் கொட்டிராதீங்க, அதுல ரெண்டு கல் உப்பு போட்டுக் குடிச்சுப் பாருங்க.

ஊட்டச்சத்து மாணவி:
மதினி சொன்ன மாங்காய்க்குச் சத்துக் கணக்கும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஆனால் அத்தனையும் உடம்பில் சேராது, தானியத்தில் இயற்கையாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். மாங்காய், நெல்லிக்காய் போல வைட்டமின் சி உள்ளதைக் கூடச் சாப்பிட்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். கையோடு டீ, காபி மட்டும் வேண்டாம். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் தினமும் கம்பு சாப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலூர் அண்ணாவின் கேழ்வரகும் நல்ல யோசனைதான். அதில் இரும்பு கம்பைவிடக் கொஞ்சம் குறைவு, கால்சியமோ 364 மில்லிகிராம். மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

தாம்பரம் அம்மா:
ரொம்ப நன்றி. அந்த மாவைக் கொட்டிவிட்டு முழுக் கம்பு வாங்கப் போகிறேன். மதினி, சாயங்காலம் நான்கு மணிக்குக் கூழ் என்றால் அவள் முகம் சுளிப்பாள். தின்பண்டமாக ஏதும் செய்ய முடியுமா? மண்சட்டியும் வீட்டில் இல்லை.

கரிசல்காட்டு மதினி:
செய்யலாமே! முழுக் கம்பை வெறும் சட்டியில வறுங்க, படபடன்னு ஒண்ணு ரெண்டு பொரிஞ்சு வெடிக்கும், வாசம் தூக்கும். ஆறவிட்டு நைசாப் பொடிச்சு, வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலையை ஒண்ணு ரெண்டா தட்டிச் சேருங்க. எங்க ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, கடலை இல்லாம எங்களுக்குக் கை ஓடாது. கருப்பட்டியைக் கொஞ்சமாத் தண்ணி விட்டுக் கரைச்சு, மண் போக வடிகட்டி, திரும்பக் கொதிக்க வச்சுக் கெட்டியானதும் மாவுல ஊத்தி, சூட்டோட உருண்டை பிடிங்க. ஏலக்கா ரெண்டு. கருப்பட்டியும் இனிப்புதான், அதனால எலுமிச்சம்பழ அளவுல ஒண்ணு போதும். கூடவே ஒரு டம்ளர் நீர்மோர் குடுங்க.

சட்டிக்குக் கவலைப்படாதீங்க, எவர்சில்வர் பாத்திரம் போதும். ஈயம் பூசாத பித்தளை, அலுமினியம் ரெண்டுலயும் மட்டும் வைக்காதீங்க, புளிப்புக்கு ஆகாது.