மகளுக்கு வீடு எழுதுவது: ஷரீஅத்தா, ஊர் வழக்கமா?

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை):
எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். இது மார்க்கத்தில் இல்லாத ஊர் வழக்கம் என்றும், இத்தகைய வழக்கங்களை 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமே தள்ளிவிட்டது என்றும் அண்மையில் ஒரு விருந்தில் உறவினர் ஒருவர் வாதிட்டார். எனக்கு உடன்பாடில்லை. வழக்கத்தையும் ஷரீஅத்தையும் எதிரெதிரே நிறுத்தியவை காலனிய நீதிமன்றங்கள்தாம். 'அல்-ஆதத்து முஹக்கமா', அதாவது வழக்கமும் தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பது ஃபிக்ஹின், அதாவது இஸ்லாமியச் சட்டவியலின், ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சிவில் சட்டத் தொகுப்பில் அது 36ஆம் பிரிவாக நிற்கிறது. மாலிகி சட்டப் பள்ளியின் நிறுவனர் இமாம் மாலிக் மதீனாவாசிகளின் நடைமுறையையே சான்றாகக் கொண்டார். டமாஸ்கஸில் வாழ்ந்து 1836இல் மறைந்த ஹனஃபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன், உர்ஃப் (வழக்கம்) பற்றித் தனி நூலே எழுதி, தம் காலத்து மக்களின் வழக்கத்தை முஃப்தி, அதாவது மார்க்கத் தீர்ப்புச் சொல்பவர், அறிந்திருக்க வேண்டும் என்றார்.

முதுநகர் வாசகர் (கடலூர்):
நானா (அண்ணனே), விதியைச் சொன்னீர்கள். அதன் வரம்பைச் சொல்லவில்லை. குர்ஆனிலோ நபிமொழியிலோ தெளிவான வாசகம் இருக்கும் இடத்தில் வழக்கத்துக்கு வேலையில்லை என்பதை இப்னு ஆபிதீனும் ஏற்றுக்கொண்டவர். வாரிசுப் பங்கு அத்தகையது; நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் மகளின் பங்கை அளந்தே சொல்லிவிட்டது. வழக்கத்தை நம்பி இருந்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? 1847இல் பம்பாயில் கோஜா, மேமன் என்னும் முஸ்லிம் சமூகங்களின் பெண்கள் தந்தையின் சொத்தில் பங்கு கேட்டபோது, அச்சமூகங்கள் இந்து வாரிசு முறையையே வழக்கமாகக் கொண்டிருந்தன என்று காட்டி, நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி அதை மறுத்தார். பஞ்சாபிலோ 1872ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கத்துக்கே முதலிடம் தந்ததால், முஸ்லிம் வீட்டு மகள்களும் நிலத்தில் பங்கில்லாமல் நின்றார்கள். உங்கள் ஊர் வழக்கம் பெண்ணுக்குச் சாதகமாக அமைந்தது அவளுடைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை உரிமை என்று சொல்ல முடியாது.

முல்லா வீதி (புதுச்சேரி):
இருவரும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை மட்டுமே பேசுகிறீர்கள். இங்கே 1819 ஜனவரி 6ஆம் நாளின் பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் கிறித்தவராயினும் 'மூர்' (முஸ்லிம்) ஆயினும் இந்துவாயினும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டம், வழக்கம் ஆகியவற்றின்படி தீர்ப்புப் பெறுவர் என்றது. முஸ்லிமையும் ஒரு சாதியாக எண்ணிய சட்டம் அது! 1937ஆம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் 1968இல்தான் நீட்டிக்கப்பட்டது. அப்போதும் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினருக்கு விலக்கு இருந்தது. பரங்கிப்பேட்டையிலும் காரைக்காலிலும் உறவுகள் உள்ள ஒரு குடும்பம், இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் இரண்டு ஏற்பாடுகளின்கீழ் வாழ்ந்திருக்கிறது.

வெள்ளாற்றங்கரை:
வழக்கத்தைத் தள்ளியதாக என் உறவினர் சொன்ன 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவையே எடுத்துக்கொள்வோம். விவசாய நிலத்தை அது விலக்கி வைத்தது. சென்னை மாகாணத்தில் அந்த விலக்கு நீங்க 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சாப் மகளுக்கு எது மறுக்கப்பட்டதோ, அதைத் தொடாமலே வழக்கத்தை ஒழித்த சட்டம் அது. தெளிவான வாசகத்தின் முன்னும் எல்லா அறிஞரும் ஒரே குரலில் பேசவில்லை. கோதுமையை முகந்தளந்தும் பொன்னை எடைபோட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நபிமொழி அக்கால வழக்கத்தைச் சார்ந்தது, வழக்கம் மாறினால் அளவையும் மாறலாம் என்றார் இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர் அபூ யூசுஃப். மேற்குச் சுமத்ராவின் மினங்கபாவு மக்கள், தாய்வழிக் குலச் சொத்து எவருடைய தனியுடைமையும் அன்று என்று வகுத்து அதை வாரிசுப் பங்கீட்டுக்கு வெளியே வைத்து, ஒருவர் தாமே ஈட்டியதை மட்டும் ஷரீஅத்படி பிரித்தார்கள். எங்கள் ஏற்பாடு அவ்வளவு சிக்கலானதும் அன்று. வாப்பா உயிரோடு இருக்கும்போதே தருவது ஹிபா, அன்பளிப்பு. வாரிசுப் பங்கு இறப்புக்குப் பிறகே எழுகிறது.

முதுநகர் வாசகர்:
ஹிபா என்று சொன்ன பிறகு நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் அறிவித்த நபிமொழியைத் தவிர்க்க முடியாது. ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கக் கேட்ட தந்தையிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபிகள் நாயகம் வினவி, சாட்சியாக மறுத்தார்கள். ஹன்பலி மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்) இதைக் கொண்டு சமத்துவத்தைக் கடமையாக்கினார்கள்; நம் ஷாஃபி மத்ஹபில் ஏற்றத்தாழ்வு வெறுக்கத்தக்கது, எனினும் அன்பளிப்பு செல்லும். உங்கள் வீட்டு ஆண்மக்களுக்கு என்ன கிடைத்தது? இன்னொன்றும் கேட்கிறேன்: வீடு இல்லையேல் மாப்பிள்ளை இல்லை என்ற நிலையில் தந்தை கையெழுத்திட்டால் அதற்கு அன்பளிப்பு என்ற பெயர் பொருந்துமா, கைக்கூலி, அதாவது வரதட்சணை, என்ற பெயர் பொருந்துமா?

வெள்ளாற்றங்கரை:
கேட்டு வாங்கும் வீட்டை நான் ஆதரிக்கவில்லை. அப்படி வாங்குவோர் எங்கள் ஊரிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்மக்களைப் பற்றிக் கேட்டீர்கள். என் சகோதரிகள் இருவருக்கும் வீடு, எனக்குக் கடை. கடைசித் தம்பி படித்துக்கொண்டிருந்த காலத்தில் வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். பிரிப்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை. அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் எடுத்துச் சொல்லவும் இல்லை.