கண்ணாடி போட்டவன் புது எம்6 வாங்கலாமா? 28 பிரேம்லைன் ஓரமே தெரியல

சோடாபுட்டி:
வணக்கம் மக்களே. லைக்கா 2022ல திரும்ப கொண்டு வந்தாங்கல்ல எம்6 ஃபில்ம் கேமரா, அதுக்குத்தான் ரொம்ப நாளா காசு சேத்துட்டு இருக்கேன். வரும்போதே 5,295 டாலர், நம்ம பர்ஸுக்கு அது ஒரு பெரிய கதை, விடுங்க. போன வாரம் ஃப்ரெண்டோடத ஒரு மணி நேரம் கைல வச்சிருந்தேன். பித்தளை டாப் பிளேட், நல்ல கனம், லீவர் அல்வா மாதிரி வழுக்கிட்டு போகுது. ஆனா கண்ணாடியோட கண்ண வச்சா ஃபைண்டருக்குள்ள 28 எம்எம் லென்ஸுக்கு படம் எது வரைக்கும் விழும்னு காட்டுற கோடு, அதான் பிரேம்லைன், நாலு ஓரமும் ஒண்ணா தெரியவே இல்ல, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் மறையுது, கண்ண உருட்டி உருட்டி தேட வேண்டியிருக்கு. நான் எடுக்குறதுல பாதிக்கு மேல 28, மீதி 50 எம்எம் எஃப் 1.5 லென்ஸ். என் கண்ணாடி பவர் மைனஸ் 5.

பழைய எம்6 டிடிஎல்ல மேக்னிஃபிகேஷன், அதாவது காட்சிய எவ்ளோ பெருசா காட்டும்ங்கற அளவு, 0.58, 0.72, 0.85னு மூணு ஃபைண்டர் இருந்துச்சு, இப்ப இவ்ளோ காசு வாங்கிட்டு 0.72 ஒண்ணுதான். ஆட்டோ எக்ஸ்போஷர் இல்ல, அடித்தட்ட கழட்டித்தான் ஃபில்ம் போடணும், இதெல்லாம் பழகிடும். ஃபைண்டர் பழகுமா? இல்ல பேசாம பெஸ்ஸா ஆர்4 கேமரா பாக்கவா, அதுல 21 வரைக்கும் பிரேம் இருக்கு.

ரெட்டைபிம்பம்:
ஆர்4 வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டு பாருங்க. ரேஞ்ச்ஃபைண்டர்ல, அதாவது ரெண்டு ஜன்னல் வழியா வர்ற பிம்பத்த ஒண்ணா ஒட்ட வச்சு ஃபோகஸ் பண்ற இந்த மாதிரி கேமராவுல, அந்த ஜன்னலுக்கு நடுவுல இருக்குற தூரத்த மேக்னிஃபிகேஷனால பெருக்குனா வர்ற நம்பர்தான் ஃபோகஸ் எவ்ளோ துல்லியமா பிடிக்கும்னு சொல்லும். எம்6ல 69.25 எம்எம், 0.72ஆல பெருக்குனா கிட்டத்தட்ட 50. ஆர்4ல 37 எம்எம், 0.52ஆல பெருக்குனா வெறும் 19. அதாவது 28க்கு சொகுசா இருக்குற அதே ஃபைண்டர்ல உங்க 50 எஃப் 1.5ஐ முழுசா திறந்து ஒரு மீட்டர்ல ஒரு ஆள எடுத்தீங்கன்னா, ஃபைண்டர் நடுவுல இருக்குற ஃபோகஸ் பேட்ச்ல ரெண்டு பிம்பமும் கச்சிதமா ஒட்டிருச்சுன்னு நினைச்சு அமுக்குவீங்க, பிரிண்ட்ல பாத்தா கண்ணு சொதசொதன்னு இருக்கும், காதோரத்து முடி மட்டும் பளிச்னு இருக்கும்.

பெருசா காட்டுனா அகலம் போகும், அகலமா காட்டுனா ஃபோகஸ் போகும், ஒரே ஃபைண்டர்ல ரெண்டுத்தையும் குடுக்க முடியாது. 1954ல வந்த எம்3ல 0.91, 50க்கு சொர்க்கம், ஆனா 35க்கு பிரேமே கிடையாது. 0.72ங்கறது 28ல இருந்து 135 வரைக்கும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுக்குற ரேஷன் கடை மாதிரி, அதுல ரெண்டு ஓரத்துல நிக்கிறவனுக்கும் குறைதான். நீங்க ஒரு ஓரத்துல நிக்கிறீங்க.

மலைமேல்மணி:
நானும் சோடாபுட்டி கேஸ்தான் ப்ரோ, மைனஸ் 4. ஸைஸ் ஐகான் கேமரா வச்சிருக்கேன், கோசினா செஞ்சது. பேஸ், அதான் அந்த ஜன்னல் தூரம், 75 எம்எம், மேக்னிஃபிகேஷன் 0.74, எம்6ஐ விட ஃபோகஸ் துல்லியம் அதிகம், கண்ணாடியோட 28 பிரேமும் கஷ்டமில்லாம தெரியும். ஏபெர்ச்சர் பிரையாரிட்டி உண்டு (லென்ஸ் துவாரத்த நாம வச்சா ஷட்டர் ஸ்பீட அதுவே பாத்துக்கும்), ஷட்டர் 1/2000 செகண்ட் வரைக்கும் போகும், பின்கதவு சாதாரண கேமரா மாதிரி திறக்கும். அப்புறம் ஏன் எல்லாரும் அதையே வாங்கலனு கேப்பீங்க. ஷட்டர் முழுக்க பேட்டரிய நம்பித்தான். போன டிசம்பர்ல விடியக்காலைல பனில நின்னுட்டு இருந்தப்ப பேட்டரி செத்துருச்சு, ஸ்பேர் ரூம்ல, சூரியன் பாட்டுக்கு மேல வந்துட்டு போயிருச்சு. எம்6ல பேட்டரி போனா மீட்டர் மட்டும்தான் போகும், ஷட்டர் எல்லா ஸ்பீடும் ஓடும். ஐகான்ல கண்ணு நடுவுல இல்லன்னா பேட்ச் மங்கிடும், அதுவும் ஒரு இம்சை. 2012லயே தயாரிப்ப நிறுத்திட்டாங்க, ஸோ புதுசு கிடையாது, ஒருநாள் சர்க்யூட் போச்சுன்னா என்ன பண்றதுனு நானே யோசிக்காம தள்ளிப்போட்டுட்டு இருக்கேன்.

ரெட்டைபிம்பம்:
@மலைமேல்மணி உங்களுக்கு ஒரு நல்லது, மெட்டல் ஷட்டர். எம்6ல துணி, லென்ஸ திறந்து போட்டு உச்சி வெயில்ல சூரியன பாத்த மாதிரி வச்சா ஓட்டை விழும், மூடி போட மறந்துராதீங்க. ஆனா சத்தம் துணிதான் கம்மி.

டீகடைஃபோகஸ்:
இவ்ளோ யோசிக்க என்ன இருக்கு தல. கேமரா மேல ஃபிளாஷ் மாட்டுற ஷூவுல தனி 28 ஃபைண்டர் ஒண்ணு மாட்டுங்க. கீழ ஃபோகஸ், மேல ஃபிரேமிங். லென்ஸ் துவாரத்த சுருக்கி எஃப் 8ல வச்சா ஃபோகஸ கூட பாக்க வேணாம். ஃபைண்டர் லென்ஸுக்கு மேல இருக்குறதால கிட்டத்துல மட்டும் தலை வெட்டுப்படும், ரெண்டு ரோல்ல கை பழகிடும். ஐபீஸ்ல மாட்டுற பவர் லென்ஸ் கேக்காதீங்க, மைனஸ் 3 வரைக்கும்தான் வருது.

சோடாபுட்டி:
மைனஸ் 3 மேட்டர் தெரியாம அதத்தான் ஆர்டர் பண்ண இருந்தேன், தப்பிச்சேன். நேத்து திரும்ப போய் ஃப்ரெண்டு எம்6ல 35 லென்ஸ் போட்டு பாத்தேன், நாலு ஓரமும் கண்ண உருட்டாமலே தெரிஞ்சுது. 28ஐ விக்க மனசு வரல, அதனால பாடி எம்6, 28க்கு ஷூவுல மாட்ட பழைய ஃபைண்டர் ஒண்ணு தேடப்போறேன். யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க. ஐபீஸ்ல தேச்சு தேச்சு என் கண்ணாடில ஒரு கீறல் விழுந்துருச்சு, அது வேற செலவு.