குதிரைக்கு ஃபிட்னஸ்: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

வேளச்சேரி, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். குதிரைப் பந்தய விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் மொழிபெயர்ப்புக் கோப்பை ஒப்படைக்க வேண்டும். லாயம், கடிவாளம், ஜாக்கி எல்லாம் முடிந்தது. ஃபிட்னஸில் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் திரையில் மூன்று அளவுப் பட்டைகள். பிறவி வேகம் மாறாது. ஃபிட்னஸ் பயிற்சியால் ஏறும். களைப்பும் பயிற்சியால்தான் ஏறும், வம்பே அதுதான். காலையில் மெதுவாக ஓடவிட்டால் ஃபிட்னஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நாலுகால் பாய்ச்சலில் விட்டால் சட்டென்று ஏறும், களைப்பும் கூடவே ஏறும். பத்து நாள் லாயத்தில் கட்டிப்போட்டால் இறங்கிவிடும்.

'உடற்தகுதி' என்று போட்டுப் பார்த்தேன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கிறது. பொத்தானில் பத்து எழுத்துதான் அடங்கும். 'உடற்தகுதியை உயர்த்து' வெளியே வழிகிறது.

பெரம்பூர் வாத்தியார், செவ்வாய் காலை

அம்மா, முதலில் அது உடற்தகுதி அல்ல. கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண். உடலும் தகுதியும் சேர்ந்தால் உடற்றகுதி. லகரத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தகரத்தை அப்படியே விடுவது பாதி சவரம்.

சொல்லுக்கு வருவோம். போர்க்களத்தில் காலை வாரிவிடும் குதிரையை வள்ளுவர் 'கல்லாமா' என்கிறார், குறள் 814. ஆகக் குதிரைக்கும் கல்வி உண்டு. கல்லுதல் என்றால் தோண்டுதல். குளம்பால் நிலத்தைக் கல்லிக் கல்லித்தான் குதிரை கற்கிறது. வேர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பயிற்சியை 'மாக்கல்வி' என்றும், அதனால் ஏறுவதைக் 'கல்விப்பேறு' என்றும் வைக்கலாம்.

வேப்பேரி டாக்டர், செவ்வாய் மதியம்

மாக்கல்வி என்றதும் மாக்கல் சட்டிதான் நினைவுக்கு வருகிறது ஐயா, மன்னிக்கவும். தவிர, கல்லாமா என்பது பழக்காத குதிரை. இங்கே பேச்சு வேறு. நன்றாகப் பழகிய குதிரையும் இரண்டு மாதம் சும்மா நின்றால் ஓட முடியாது.

சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழுப் பாய்ச்சலில் 200ஐத் தாண்டும். மண்ணீரல் தான் சேர்த்துவைத்த சிவப்பணுக்களை அந்நேரம் ரத்தத்தில் கொட்டும். பயிற்சியால் மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்காகும். குதிரை மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று பயிற்சியாளர் அவசரப்படுவார், கால் போய்விடும். தங்கச்சி, உங்கள் ஆட்டத்தில் இதற்கு ஒரு பட்டை இருக்கிறதா?

கிண்டி லாயத்தில் என் காதில் விழுந்த சொல் 'தம்'. இந்தக் குதிரைக்கு 1200 மீட்டர் வரைக்கும்தான் தம் என்பார்கள். சின்னச் சொல், பொத்தானிலும் அடங்கும்.

வேளச்சேரி, செவ்வாய் இரவு

எலும்புக்குப் பட்டை இல்லை டாக்டர். 'தம் ஏற்று' என்று பொத்தானில் போட்டால் சிகரெட் விளம்பரம் என்று நினைப்பார்கள். அல்லது பிரியாணி.

பெரம்பூர் வாத்தியார், புதன் காலை

தம் பாரசீகச் சொல். வேண்டவே வேண்டாம்.

வேப்பேரி டாக்டர், புதன் காலை

பாண்டியன் குதிரையையே கப்பலில் அரபு நாட்டிலிருந்து வரவழைத்தான் ஐயா. குதிரை ஏறிவரலாம், சொல் ஏறிவரக் கூடாதா?

பெரம்பூர் வாத்தியார், புதன் மதியம்

வந்த குதிரைக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், அதையும் சொல்லுங்கள். சங்க காலத்தில் நம்மவர்களுக்குக் குதிரை தெரிந்திருந்தது. புறநானூறு 299இல் சீறூர் மன்னனின் குதிரை உளுந்துச் சக்கை தின்று ஓய்ந்து நடக்கிறது, ஆனால் படையைப் பிளக்கிறது. நெய் பிசைந்த கவளம் தின்ற பெருவேந்தர் குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. தீனி வேறு, ஃபிட்னஸ் வேறு என்று பொன்முடியார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

என் முடிவான பரிந்துரை 'செவ்வி'. மலர் மலர்ந்த பருவம் போல, குதிரை ஓடத் தயாரான பருவம்.

வளசரவாக்கம், புதன் இரவு

ஐயா, எங்கட பக்கம் செவ்வி என்றால் நேர்காணல். 'குதிரையின் செவ்வி' என்று போட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குதிரை என்ன பதில் சொன்னது என்று கேட்பார்கள்.

'பதம்' சரிவராதா? மண்பதம், பாகுபதம் மாதிரி. முன்னாலும் கெடும், பின்னாலும் கெடும். பயிற்சி மிஞ்சினால் 'பதம் தப்பிவிட்டது' என்று இயல்பாகச் சொல்லலாம்.

வேளச்சேரி, வியாழன் காலை

பதம் அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒரு புள்ளி. வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. என் பட்டை சைபரிலிருந்து நூறு வரை ஏற வேண்டும். 'பதம்: 40' என்றால் அரைவேக்காட்டுச் சோறு.

வேப்பேரி டாக்டர், வியாழன் மதியம்

சரியாகப் பிடித்தீர்கள். மாதக்கணக்கில் கட்டுவது ஒன்று, பந்தயத்தன்று வாய்ப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பதம். முதலாவதற்கு 'திடம்' போடுங்கள். 'திடமேற்று', ஐந்தே எழுத்து.

பெரம்பூர் வாத்தியார், வியாழன் மதியம்

திடம் வடசொல். மாநகராட்சிக்காரர்கள் அதைத் திடக்கழிவில் போட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. திண் என்ற வேர் நம்முடையது, 'திண்மை' என்று வைக்கலாமே.

வளசரவாக்கம், வியாழன் மாலை

எங்கட பக்கம் அது திண்மக் கழிவு ஐயா. எப்படிப் போனாலும் குப்பைத் தொட்டிதான்.

வேளச்சேரி, வியாழன் நள்ளிரவு

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். வேர்ச்சொல் கேட்டால் எல்லாரும் எழுதுகிறீர்கள், வாக்குக் கேட்டால் ஒருவரும் வருவதில்லை. திடத்துக்கு டாக்டர், வளசரவாக்கம் அண்ணன், நான். எதிர்ப்பு, வாத்தியார் ஐயா. 'உரம்' என்று தனிமடல் போட்ட நண்பருக்கு நன்றி. குதிரைக்கு யூரியா வைக்க முடியாது.

வேளச்சேரி, வெள்ளி மாலை

ஒப்படைத்துவிட்டேன். பட்டையில் 'திடம்'. பந்தயத்துக்கு முந்தைய செய்தியில் 'குதிரை நல்ல பதத்தில் இருக்கிறது' என்ற வரியை நுழைத்துவிட்டேன். உதவிப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் ஐயாவுக்காக 'உடற்றகுதி'. அதை எழுத்துப்பிழை என்று சோதனைக்காரர் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்.

பெரம்பூர் வாத்தியார், வெள்ளி இரவு

அந்தச் சோதனைக்காரரை இந்தக் குழுவில் சேர்க்க முடியுமா அம்மா?